தூக்கத்தில் பதில் சொன்ன கல்

11.12.2022 – ஞாயிறு. ஆட்கள் 3. பாறை உயரம் 38 மீட்டர்.
10.03.2024 – கயிறு 600 மீட்டர். ஆளுக்கு ரூ. 86,500.
19.05.2024 – மூட்டைகள் 14. எடை 231 கிலோ.
29.05.2024 – 4,310 மீட்டர்.
08.06.2024 – 5,510 மீட்டர்.
13.06.2024 – 5,852 மீட்டர். மீதி 189.

அச்சரப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, இரண்டாவது டீக்கடைக்குப் போகிற தூரம் ஏறக்குறைய 189 மீட்டர். சாவகாசமாக நடந்தாலும் மூன்று நிமிஷம்தான். அந்தத் தூரத்தை நடக்கும்போது பாதியில் நின்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் 2024 ஜூலை மாதத்தில் மோகனுக்கு வந்தது. அங்கே ஒரு புளியமரமும் மின்கம்பிகளும் தவிர வேறொன்றும் கிடையாது. ஆனால் வெயில் ஏற ஏற, கம்பிகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் மெல்ல எழுந்து நிற்பது போலிருக்கும் அவனுக்கு. அதன் உச்சியில் மேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். லாரிக்காரன் ஒலி எழுப்பினால் சுவர் கலைந்துவிடும்.

மோகனுக்கு வயது நாற்பத்தொன்று. ஊருக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் வீடு. முக்கால் ஏக்கர் நெல் இருக்கிறது. அதை மனைவி விஜயகுமாரி பார்த்துக்கொள்கிறாள். மோகன் இருபத்திரண்டு வருஷமாகக் கல் குவாரியில் வேலை செய்கிறான். வெடி வைத்த மறுநாள் காலையில் இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து இறங்கி, விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும் கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளிவிடுவது அவன் வேலை. அவன் இறங்கி முடித்த பிறகுதான் கீழே மற்றவர்கள் போகலாம்.

எந்தக் கல் விழும், எந்தக் கல் நிற்கும் என்பதை அவன் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. சுத்தியால் மூன்று தட்டு: தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலில் ஒன்று. தட்டும்போது இடது உள்ளங்கை கல்லின் மேல் பதிந்திருக்க வேண்டும். கிண்ணென்று சத்தம் வந்து உள்ளங்கையில் ஒரு நடுக்கம் ஓடினால் அந்தக் கல் விழித்திருக்கிறது என்பார்கள். தொப்பென்றால் தூங்குகிறது. தூங்குகிற கல்லை நம்பக்கூடாது.

குவாரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் தட்டிய கல்லை இன்னொருவன் தட்ட மாட்டான். தட்டினால் முதலாமவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மோகன் தட்டிய கல்லை இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் தட்டியதில்லை.

2022 டிசம்பர் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கல் எடுத்து முடித்துக் கைவிட்டிருந்த பழைய பள்ளத்தின் ஓரம் மூன்று பேர் பாறை ஏறப் பழகிக்கொண்டிருந்தார்கள். கல்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளரான ரவிச்சந்திரன், ஐம்பத்திரண்டு வயது. பொத்தேரியில் கல்லூரி ஆசிரியரான பிரவின்குமார். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஸ்வாதி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க அந்தப் பக்கம் வந்த மோகன் கீழே நின்று கத்தினான்.

"சார்! அந்தக் கல்லப் புடிச்சினு தொங்காதீங்க. அது தூங்கிகினு கீது!"

ரவிச்சந்திரன் குனிந்து பார்த்தார். "கல்லு தூங்குமாப்பா?"

"தூங்கும் சார். பாக்கறதுக்குக் கண்ணு தொறந்தா மாரியே இருக்கும்."

பிரவின்குமார் சிரித்தான். "அப்போ தாலாட்டு பாடிட்டு வரட்டுமா?"

"பாடுங்க. கீழ வந்து பாடுங்க."

ஸ்வாதி மட்டும் சிரிக்காமல் இறங்கி வந்து அவனிடமிருந்த அரிவாளை வாங்கி, அதன் பிடியால் அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தாள். தொப்பென்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் மோகன் அவர்களோடு இருந்தான். அவனுக்குக் கயிறு புதிதில்லை. கயிற்றில் மேலே போவதுதான் புதிது. அவர்கள் வழக்கப்படி ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மோகன் போட்ட முடிச்சை ஸ்வாதி முதல் தடவை தொட்டபோது அவன் முகம் சுருங்கியது. அவள் அதைக் கவனித்தாள். ஓரிரு மாதத்தில் மற்றவர்கள் முடிச்சைத்தான் தொட்டார்கள். மோகன் முடிச்சை யாரும் தொடவில்லை. மரியாதையாகத்தான் அப்படி ஆயிற்று.

அவர்கள் போக நினைத்த மலைக்கு வரைபடத்தில் பெயரில்லை. 6,041 என்ற உயர எண் மட்டும். கார்வால் பக்கம் சுமை தூக்குகிறவர்கள் அதைப் பால்பல் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். குழந்தை வாயில் முளைத்த ஒற்றைப் பல் மாதிரி, பனிப் பரப்பிலிருந்து வெளிறிய கருங்கல் ஐந்நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும்பியிருந்தது. நடந்து ஏறுகிற மலையில்லை. ஒவ்வொரு சாணாகக் கயிறு கட்டித்தான் போக வேண்டும். மோகனின் பங்குப் பணத்தை மற்ற மூவரும் போட்டார்கள். கயிறு கட்டுகிற வேலை அவனுடையது.

"கல்லு இங்க இல்லியா? ரயிலேறிப் போயித் தட்டணுமா?" என்றாள் விஜயகுமாரி.

"அது வெள்ளக் கல்லுடி."

"சுண்ணாம்பு அடிச்சா நம்மூருக் கல்லும் வெள்ளதான்." ஆனால் மறுநாள் அவளே செங்கல்பட்டுக்குப் போய் அவனுக்கு இரண்டு கம்பளிக் காலுறை வாங்கி வந்தாள்.

மே 29ஆம் தேதி அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மோகன் முதன்முதலாகப் பனியைப் பார்த்தான். "மரக்காணம் உப்பளம் மாரி கீது சார்" என்றான். கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, உப்புக் கரிக்காததில் ஏமாந்து போனான். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருந்தது. நாலடி நடந்தால் நிற்க வேண்டும். நின்றால் கண் சொருகும். பகலிலேயே கனவு வந்தது. கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்தபடி அவன் குவாரிப் பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீருக்குள் மலை தலைகீழாக நின்றது. அதன் உச்சி அவன் காலடியில் இருந்தது. பிறகு யாரோ டீ என்று கூப்பிட, எல்லாம் வடிந்துபோய் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அங்கே வெளிச்சத்துக்கே ஒரு சத்தம் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. தூரத்துக் கடல் மாதிரி விடாமல் இரைகிற சத்தம். அது மோகனின் காதுக்குள் ஓடுகிற ரத்தம்தான் என்று பிரவின்குமார் விளக்கினான். மோகன் நம்பவில்லை.

ஜூன் 8ஆம் தேதி சுவரின் அடியில் முகாம் போட்டார்கள். ஒன்பதாம் தேதியிலிருந்து மோகன் கயிறு கட்டினான். சுவரில் கை வைத்த கணத்தில் மயக்கமெல்லாம் போய்விட்டது. அவனுக்குத் தெரிந்த கல் அது. நம்மூர்க் கல்லின் தம்பி, கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான் என்று ஸ்வாதியிடம் சொன்னான். தட்டினான், கேட்டான், கட்டினான். நான்கு நாளில் கயிறு முந்நூறு மீட்டரைத் தாண்டியது. கீழே குனிந்து பார்த்தால் முகாம் ஒரு மஞ்சள் புள்ளி. தன் கால்களுக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் மேகம் மாடு மாதிரி மெதுவாகக் கடந்து போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்க மனமில்லாத நாட்கள் அவை.

பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை காலை 7.20. பாறையைத் துளையிடும் கருவியின் மின்கலம் குளிரில் செத்துப்போயிருந்தது. ஓர் ஆணிக்குத்தான் துளை போட முடிந்தது. அதை மேலே தான் நிற்கும் விளிம்புக்கு வைத்துக்கொண்டான். அதற்கு ஆறு மீட்டர் கீழே, கதவு உயரத்தில் ஒரு கற்பாளம் சுவரோடு ஒட்டி நின்றது. கீழிருந்து வருகிறவர் அங்கே ஒரு கயிற்றை விட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். மாறும் நேரத்தில் எடை முழுவதும் அந்தப் பாளத்தில்தான் தொங்கும். மோகன் இடது கையுறையைக் கழற்றினான். தலை, இடுப்பு, கால். கிண், கிண், கிண். உள்ளங்கை வழியே நடுக்கம் ஓடித் தோள் வரை வந்தது. இவ்வளவு சுத்தமாக விழித்திருக்கிற கல்லை அவன் கேட்டதேயில்லை. பாளத்தைச் சுற்றி நாடாக் கயிற்றைக் கட்டிவிட்டு மேலே போனான்.

பத்தரைக்கு வெயில் சுவருக்கு வந்தது. குளிரில் விறைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மோகன் விளிம்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஆணியில் கட்டுண்டு கிடந்ததால் பயமில்லை. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அது அவனுக்குச் சுகமாக இருந்தது.

11.45க்கு ஸ்வாதி பாளத்துக்கு வந்து சேர்ந்தாள். பிரவின்குமார் அவளுக்கு ஒரு கயிற்று நீளம் கீழே இருந்தான். அவள் இடுப்பிலிருந்து சுத்தியை எடுத்து அண்ணாந்து பார்த்தாள்.

"மோகண்ணா, நான் ஒரு தடவ தட்டிக்கவா?"

"நான் தட்டியாச்சு மேடம்" என்றான் மோகன்.

கோபமாகச் சொல்லவில்லை. குவாரியில் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். ஸ்வாதி ஒரு கணம் தயங்கிச் சுத்தியை மாட்டிக்கொண்டாள். கொக்கியை நாடாவுக்கு மாற்றினாள். தன் எடையைக் கொடுத்தாள்.

11.50. பாளம் அவசரப்படவேயில்லை. யாரோ உள்ளிருந்து கதவைத் திறக்கிற மாதிரி மேல்பக்கம் விலகி, முன்னால் சாய்ந்து, ஸ்வாதியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அவளுடைய இரண்டாவது கொக்கி கீழ்க் கயிற்றில் இருந்தது; அந்தக் கயிற்றின் நுனி மேலே மோகனின் ஆணியோடும் கட்டியிருந்தது. பதினொரு மீட்டரில் அவள் நின்றாள். நாடாவிலிருந்து உருவிக்கொண்ட பாளம் பிரவின்குமாரைத் தாண்டித் தனியாக விழுந்தது. ஸ்வாதியின் வலது காலில் கணுக்காலும் அதற்கு மேல் எலும்பும் உடைந்திருந்தன.

அவளைக் கீழே இறக்க ஆறு மணி முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இறங்கும் வழியில் மோகன் பாளம் இருந்த இடத்தைக் கடந்தான். அங்கே விரல் பருமனுக்குப் பனிக்கட்டி, அழுக்குக் கண்ணாடி மாதிரி, சுவரில் ஒட்டிக்கொண்டு வியர்த்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காலையில் அந்தப் பனி கல்லைச் சுவரோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்திருந்திருக்கிறது. தூங்குகிற கல்தான். குளிரில் அது தூக்கத்திலேயே பதில் சொல்லியிருக்கிறது. மத்தியானம் இன்னொரு முறை தட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கும். தட்டத்தான் அவள் கேட்டாள்.

சுமை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர் அவளை இரண்டு நாள் சுமந்து சாலைக்குக் கொண்டுவந்தார்கள். டேராடூனில் காலுக்குள் தகடு வைத்தார்கள். பிறகு அவளுடைய அப்பா வந்து கும்பகோணத்துக்கு அழைத்துப் போனார்.

ஜூலை 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரவிச்சந்திரன் மோகனைக் கல்பாக்கத்துக்கு வரச் சொன்னார். டில்லியில் உள்ள மலையேற்றச் சபைக்குப் பயண அறிக்கை அனுப்ப வேண்டும். கடலைப் பார்த்த மாடி அறையில் மின்விசிறிக்குக் காகிதம் பறக்காமலிருக்க அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மேலே வைத்திருந்தார்.

"'காலை 11.50க்கு, இயற்கைக் காரணத்தால் பாறை பெயர்ந்தது.' இதுல கையெழுத்துப் போடு மோகன்."

"இயற்கன்னா இன்னா சார்?"

"யார் மேலயும் தப்பில்லன்னு அர்த்தம்."

"அப்ப அது பொய்யி சார். கல்லு மேல பழி போடாதீங்க. அது இன்னா டில்லிக்கு வந்து பேசவா போவுது?"

ரவிச்சந்திரன் பேனாவை மூடினார். "லூசாப்பா நீ? அந்தப் பொண்ணு தட்டறேன்னு கேட்டு நீ வேணாம்னு சொன்னத நான் எழுதினா, அடுத்த தடவ கயிறு கட்ட உன்ன விடமாட்டாங்க. மீதி நூத்தியெம்பத்தொம்பது உனக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்" என்றான் மோகன் உடனே. "கண்ண மூடுனா அங்கதான் நின்னுகினு கீறேன். ஆனா எழுதுங்க."

அவர் மூடிய பேனாவைத் திறந்து நடந்ததை எழுதினார். மோகன் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து கரையில் நின்றபோது அலை நுரை பனி மாதிரியே இருந்தது. காலை வைத்தான், வெதுவெதுப்பாக இருந்தது.

டில்லிக்காரர்கள் வேண்டாமென்றால் அதற்கு அவன் தயாராகத்தான் இருந்தான். ஸ்வாதி என்ன சொல்வாள் என்பதுதான் அவனை அரித்தது. இனி அவள் அவன் கயிற்றில் கொக்கியை மாட்டுவாளா? மாட்ட மாட்டேன் என்று அவள் வாயால் கேட்கிற தைரியம் அவனுக்கில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் போன் அடித்து ஓய்ந்தது.

"பதினாலாவது வாட்டி கூப்புடுது அந்தப் பொண்ணு" என்றாள் விஜயகுமாரி. "எடுத்தா இன்னா, கடிச்சிடுமா?"

"எடுத்து இன்னாத்த சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம். அது சொல்றதக் கேளு. கல்லு பேசறதெல்லாம் கேக்குது, மனுசி பேசறது கேக்காதா உனக்கு?"

ஆகஸ்ட் 9ஆம் தேதி முதல் கடிதம் வந்தது. நாலு வரி. கால் வீக்கம் வடிகிறது, போனை எடுங்கள் அண்ணா, எடுக்காவிட்டால் தபால்காரரைத்தான் தொந்தரவு செய்வேன் என்று இருந்தது. மோகன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பதில் போடவில்லை.

அக்டோபர் 4ஆம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. விஜயகுமாரி உரக்கப் படித்தாள். அறிக்கையின் நகல் ஸ்வாதிக்குப் போயிருந்தது. எழுத்து அழுத்தி அழுத்தி விழுந்திருந்தது.

"என் கையிலும் சுத்தி இருந்தது. கேட்காமலே நான் தட்டியிருக்கலாம். உங்கள் முகம் சுருங்குமே என்றுதான் விட்டேன். அது என் முடிவு. நீங்கள் உங்கள் பெயரை மட்டும் எழுதி, என்னைக் கைக்குழந்தை மாதிரி ஆக்கிவிட்டீர்கள். எனக்குக் கோபம்."

மோகன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் குவாரியில் நண்பன் பூபாலன் ஒரு கல்லைத் தட்டி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு நகர்ந்தான். பக்கத்துக் கயிற்றில் தொங்கிய மோகன் தன்னையறியாமல் நகர்ந்து போய் அதே கல்லைத் தட்டினான். கிண்ணென்றது. நல்ல கல்தான்.

பூபாலன் திரும்பிப் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, என்னையப் பொய்யன்னு சொல்றியா?"

"இல்லடா."

"பின்ன இன்னாத்துக்குத் தட்டுன? எங்க அப்பன் வந்து தட்டுனாக்கூட நான் சும்மா இருக்கமாட்டேன்."

"நீயும் என் கல்லத் தட்டு. நான் ஒண்ணும் சொல்லல."

"உனுக்கு மலைக்குப் போயி மூள உறைஞ்சி போச்சி" என்று பூபாலன் இறங்கிவிட்டான். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், வம்புக்கென்றே, மோகன் தட்டிய கற்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் மோகனின் முகம் சுருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பத்தாவது கல்லுக்கு மேல் அது வெறும் சத்தமாகிவிட்டது. பள்ளத்துத் தண்ணீர்மேல் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, இரண்டு பேர் மாறி மாறிப் பேசிக்கொள்வது போல அந்தச் சத்தம் திரும்பி வந்தது. மோகன் கயிற்றில் தொங்கியபடியே கண்ணை மூடி அதைக் கேட்டான்.

அக்டோபர் 21ஆம் தேதி அவன் பதில் எழுதினான். பிறந்ததிலிருந்து அவன் எழுதிய முதல் கடிதம். ஏழு வரிக்கு இரண்டு நாள் பிடித்தது.

"ஸ்வாதி மேடத்துக்கு மோகன் எழுதுவது. நீங்க தட்டியிருக்கலாம்னு எழுதினீங்க. அது நெசம். நான் தட்ட விட்டிருக்கணும், அதுவும் நெசம். ரெண்டையும் எழுதச் சொல்லி சாருக்குச் சொல்லிட்டேன். இப்ப பூபாலன் என் கல்லத் தட்றான். கஷ்டமாத்தான் கீது. இனிமே என் கயித்துல மாட்டுவீங்களா மாட்டமாட்டீங்களான்னு எழுதுங்க. எதுவானாலும் சரி."

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. குவாரிப் பள்ளம் நிறைந்து வேலை நின்றது. மோகன் வீட்டு வாசலில் நின்று மழைக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருப்பான். மழை வெள்ளையாகச் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில் ஏறுவதற்கு எங்கும் பிடி தெரியவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் உள்ளே போய்விடுவான். நாலு வாரம் அப்படிப் போயிற்று.

மூன்றாவது கடிதத்தை விஜயகுமாரி வாங்கினாள். உறை நனைந்து மை பரவியிருந்தது. படிக்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி அவள் எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது.

"இப்போது கோல் இல்லாமல் நடக்கிறேன். பாறை ஏற இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார் டாக்டர். அதனால் பயணம் 2026க்குப் போகிறது. ரவி சார் ஒத்துக்கொண்டார். டில்லியிலிருந்து பதில் வந்துவிட்டது. உங்களுக்குத் தடையில்லை. ஆனால் கட்டுகிற இடம் ஒவ்வொன்றையும் இரண்டாவது ஆள் சோதிக்க வேண்டுமாம். அந்த இரண்டாவது ஆள் நான்தான். நீங்கள் தட்டிய ஒவ்வொரு கல்லையும் காலையில் ஒரு தடவை, வெயில் வந்தபின் ஒரு தடவை நான் தட்டுவேன். உங்கள் முகம் எப்படிச் சுருங்கினாலும் தட்டுவேன். அதற்குச் சம்மதமென்றால் உங்கள் கயிற்றில் மாட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். சம்மதமில்லையென்றால் எடுக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே மோகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு அது அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தான்.

"தட்டுங்க மேடம்" என்றான்.

அதற்குப் பிறகு இருவருக்கும் தபால் தேவைப்படவில்லை. கடைசிக் கடிதம் வந்தது 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.